மெடூசாவின் முகங்கள்

சில திங்களுக்கு முன் கல்லூரி மாணவர் இருவர் என்னிடம் ஒரு வழக்கைக் கொண்டு வந்தனர். கிரேக்கப் புராணத்தில் வரும் மெடூசா கொடிய அரக்கி என்பது ஒருவர் கட்சி. அவள் அரக்கியல்லள், அநீதிக்கு ஆளான அபலை என்பது மற்றவர் கட்சி. எந்த நூலைக் கற்று இம்முடிவுக்கு வந்தீர்கள் என்று வினவினேன். நூல் எதனையும் அவர்கள் கூறவில்லை. தாம் ஆடிய கணினி விளையாட்டு ஒன்றை ஒருவர் சான்று காட்டினார். மற்றவர் வேறொரு விளையாட்டைச் சான்று காட்டினார்.

இதைக் கேட்டு நகைப்பாரும் இருக்கலாம். எனக்கு நகைக்கத் தோன்றவில்லை. பழங்காலத்தில் மக்கள் புராணத்தைப் பாணர் வாயிலாகக் கேட்டனர். மட்பாண்டங்களின் மேல் தீட்டிய ஓவியமாகக் கண்டனர். கோயில் முகப்பில் சிற்பமாக நிமிர்ந்து நோக்கினர். இன்றைய இளைஞர் அதே புராணத்தை அசைவுப் படத்திலும் கணினி விளையாட்டிலும் காண்கின்றனர். கருவி மாறினாலும் கதை சொல்லும் தொழில் மாறவில்லை. ஆகவே அம்மாணவர் வழக்கை வரலாற்றின் முன் நிறுத்தி ஆராய்வதே தக்கது என்று எண்ணினேன். அந்த ஆராய்ச்சியையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் மிகப் பழைய சான்றுகளைக் காண்போம். ஹோமர் காவியங்களில் கோர்கன் என்ற பெயர் உண்டு. ஆனால் அங்கே நாம் காண்பது ஒரு தலை மட்டுமே. இலியத்தில் அத்தலை அதீனா தேவியின் மார்புக் காப்பில் பதிந்திருக்கிறது. அகமெம்னன் மன்னனின் கேடயத்திலும் விளங்குகிறது. ஒடிசியில், கீழுலகத்திற்குச் செல்லும் ஒடிசியஸ், அங்குள்ள அரசி கோர்கனின் தலையைத் தன்மேல் ஏவிவிடுவாளோ என்று அஞ்சித் திரும்புகிறான். அத்தலை யாருடையது, எவ்வாறு உடலினின்று பிரிந்தது என்பன பற்றி ஹோமர் ஒன்றும் கூறவில்லை.

அக்கதையைக் கூறுபவர் ஏறத்தாழ கி.மு. 700ஐ ஒட்டி வாழ்ந்த ஹெசியட் என்னும் புலவர். கோர்கன்கள் மூவர், ஸ்தெனோ, யூரியாலி, மெடூசா என்னும் உடன்பிறந்தார். முதலிருவரும் சாவற்றவர்கள், மெடூசா ஒருத்திக்கே சாவு உண்டு. கடல் தெய்வமாகிய பொசைடன் வசந்த மலர்கள் நிறைந்த புல்வெளியில் அவளோடு கூடினான் என்கிறார் ஹெசியட். பின்னர் பெர்சியஸ் என்னும் வீரன் அவள் தலையை வெட்டியபோது, அவள் உடலினின்று பெகாசஸ் என்னும் குதிரையும் கிரிசாவோர் என்பவனும் தோன்றினர் என்றும் கூறுகிறார். இங்கே சாபம் இல்லை. அழகி அரக்கியாக மாறிய செய்தியும் இல்லை. பிறப்பிலேயே அவள் கோர்கன்தான்.

அக்காலக் கலைஞர் அவளை எவ்வாறு காட்டினர்? பாரிஸ் நகரத்து லூவர் காட்சிசாலையில் கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிய மண்தாழி ஒன்று உள்ளது. அதில் மெடூசாவுக்குக் குதிரை உடல் அமைந்திருக்கிறது! பெர்சியஸ் முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு அவள் கழுத்தில் வாள் வைக்கிறான். கோர்ஃபு தீவில் ஆர்ட்டெமிஸ் கோயிலின் முகப்பில், ஏறத்தாழ கி.மு. 580இல் செதுக்கப்பட்ட மெடூசாவோ மனிதக் கால்களால் ஓடும் நிலையில் இருக்கிறாள். இரு பாம்புகள் அவள் இடையில் கச்சையாகப் பிணைந்துள்ளன. 1911இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட அச்சிற்பத்தில், அவள் பக்கத்தில் பெகாசசும் கிரிசாவோரும் நிற்கின்றனர். தாய் இறந்த பின்னரே பிறந்த மக்கள், உயிரோடு ஓடும் தாயின் அருகே நிற்பது எப்படி என்று கேட்கத் தோன்றும். சிற்பி ஒரு கணத்தை மட்டும் காட்ட விரும்பவில்லை. கதை முழுவதையும் ஒரே கல்லில் அடக்க விரும்பினான்.

அக்காலத்து மெடூசாவின் முகம் அகன்றது. விழிகள் நம்மையே வெறித்து நோக்கும். நாக்கு வெளியே தொங்கும். கோரைப்பற்கள் துருத்தி நிற்கும். இம்முகத்தைக் கிரேக்கர் கேடயங்களிலும் கோயில் கூரைகளிலும் மதுக் கிண்ணங்களிலும் பொறித்தனர். தீமையை விரட்டும் காவல் முகமாக அதனைக் கருதினர். அச்சந்தரும் ஒன்றையே அச்சத்திற்குக் காவலாக நிறுத்தும் வழக்கம் இது.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஒரு மாறுதல் நேர்கிறது. கி.மு. 490இல் பாடிய ஒரு பாட்டில் பிண்டார் என்னும் புலவர் மெடூசாவை அழகிய கன்னமுடையவள் என்கிறார். அவள் மாண்டபோது உடன்பிறந்தாள் யூரியாலி எழுப்பிய ஓலத்தைக் கேட்டே அதீனா குழலிசையில் ஒரு பண்ணை அமைத்தாள் என்றும் அப்பாட்டில் கூறுகிறார். அரக்கிக்கும் அழ ஒருத்தி இருந்தாள் என்பதை இங்கே நாம் உணர்கிறோம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் காட்சிசாலையில் கி.மு. 450க்கும் 440க்கும் இடைப்பட்ட குடம் ஒன்று உள்ளது. அதன்மேல் மெடூசா உறங்கும் இளம்பெண்ணாகத் தீட்டப்பட்டிருக்கிறாள். பெர்சியஸ் வாளோடு அவளை நெருங்குகிறான். கோரைப்பல் இல்லை, வெறித்த விழி இல்லை. காண்பவர் நெஞ்சில் அச்சம் குறைந்து இரக்கம் தோன்றுகிறது.

இதற்கும் ஏறத்தாழ 450 ஆண்டுகளுக்குப் பின், கி.பி. 8ஆம் ஆண்டளவில், உரோமக் கவிஞர் ஓவிட் தம் ‘உருமாற்றங்கள்’ என்னும் நூலை இயற்றினார். மெடூசா பேரழகி, அவள் கூந்தல் எல்லோரும் வியப்பது, கடல் தெய்வம் அவளை மினர்வாவின் கோயிலுக்குள்ளேயே வன்முறைக்கு ஆளாக்கியது, மினர்வா தேவி அவளுடைய கூந்தலையே பாம்புகளாக மாற்றித் தண்டித்தாள் என்ற செய்திகள் அந்நூலில் வருகின்றன. மினர்வா என்பது அதீனாவின் உரோமப் பெயர். குற்றம் செய்தவன் தெய்வம். தண்டனை பெற்றவள் பெண். இதில் இன்னும் ஒன்று கவனிக்கத்தக்கது. இக்கதையை ஓவிட் தம் வாயால் கூறவில்லை. விருந்தில் ஒருவர் வினவ, பெர்சியசே விடையாகக் கூறுவதாக அமைத்துள்ளார். இறந்தவளின் துயரை அவளைக் கொன்றவன் வாயிலிருந்துதான் நாம் கேட்கிறோம்.

ஆக, மாணவருள் இரண்டாமவர் கூறிய மெடூசா ஓவிட் படைத்தவள்; முதலாமவர் கூறியவள் அதற்கு 700 ஆண்டு முந்திய ஹெசியட்டின் மரபினள். இருவருக்கும் சான்று உண்டு. அதீனா மெடூசாவைத் தண்டிக்கவில்லை, ஆடவரிடமிருந்து காக்கவே அவ்வுருவை வரமாக அளித்தாள் என்று மூன்றாவது கொள்கை ஒன்றும் இந்நாளில் பரவி வருகிறது. உள்ளத்தைத் தொடும் கருத்தே. ஆயினும் நாம் அறிந்த பழைய நூல்களில் அது காணப்படவில்லை. புதிய கற்பனையைப் புதியது என்று அறிந்து போற்றுவது நன்று. பழைய செய்தி என்று மயங்குவது நன்றன்று.

மறுமலர்ச்சிக் காலத்துக் கலைஞர் பெரும்பாலும் வீரன் பக்கமே நின்றனர். 1554இல் பிளாரன்ஸ் நகரச் சதுக்கத்தில் செல்லினி நிறுவிய வெண்கலச் சிலையில், பெர்சியஸ் வெட்டிய தலையை உயர்த்திப் பிடித்து நிற்கிறான். அவன் காலடியில் உடல் கிடக்கிறது. அங்கிருந்து இருபதாம் நூற்றாண்டிற்கு வருவோம்.

1981இல் ‘கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்’ என்ற திரைப்படம் வெளிவந்தது. அதில் மெடூசாவுக்கு உயிரூட்டியவர் ரே ஹாரிஹாசன். பொம்மையைச் சிறிது அசைத்து ஒரு படம் எடுப்பதும், மீண்டும் சிறிது அசைத்து அடுத்த படம் எடுப்பதும் அவர் கலை. திரையில் ஒரு நொடி ஓடுவதற்கு 24 படங்கள் வேண்டும். தலையிலுள்ள பாம்புகளையும் ஒவ்வொரு படத்திற்கும் தனித்தனியே நெளிக்க வேண்டும். அத்தனை பொறுமையோடு அவர் உருவாக்கிய மெடூசாவுக்கு இடைக்குக் கீழே பாம்புடல்; வாலின் நுனியில் கிலுகிலுப்பைப் பாம்பின் ஒலி; கையில் வில். இவ்வுருவம் மக்கள் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டது என்றால், பாம்புடல் பழங்கிரேக்கர் கொடுத்ததே என்று பலர் இன்று நம்புகின்றனர். கோர்ஃபு சிற்பத்தின் கால்களை அவர்கள் கண்டால் வியப்பர்.

வீடியோ விளையாட்டுகளிலும் மெடூசா விரைவில் இடம்பெற்றாள். 1986இல் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் ‘கிட் இகாரஸ்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதில் மெடூசா இருளின் தேவி. மனிதரை வெறுத்துப் பயிர்களை வாட்டுபவள். அதற்காகவே ஒளியின் தேவி அவளைக் கோர உருவாக்கித் துரத்தினாள் என்று கதை போகிறது. ஓவிட் கூறிய உருமாற்றம் அப்படியே நிற்கிறது. பழி மட்டும் அவள் தலைக்கு மாறிவிட்டது. ஆடுபவன் இறுதியில் ஒருவரை வெல்ல வேண்டும். வெல்லப்படுபவர் தீயவராக இருந்தால்தான் வெற்றி இனிக்கும். விளையாட்டின் தேவை கதையின் நீதியை மாற்றிவிட்டது.

அதே 1986இல் கொனாமி நிறுவனம் வெளியிட்ட ‘காசில்வேனியா’வில் மெடூசாவின் தலைகள் அலைபோல் மேலும் கீழும் மிதந்து வந்து, ஆடுபவனைப் பள்ளத்தில் தள்ளுகின்றன. ஒன்று அழிந்தால் மற்றொன்று வரும். பெயருண்டு, கதை இல்லை. ஹோமரின் உடலற்ற தலை, ஏறத்தாழ 2,700 ஆண்டு கடந்து மீண்டும் உடலற்ற தலையாகவே வந்தது எனலாம். 2005இல் வந்த ‘காட் ஆஃப் வார்’ விளையாட்டில் கிராட்டோஸ் என்பவன் மெடூசாவைக் கொன்று, அவள் தலையைக் கொண்டே பகைவரைக் கல்லாக்குகிறான். கேடயத்தில் பதித்த பழைய கருத்தே இங்கும் உள்ளது: அவள் ஆள் அல்லள், ஆயுதம்.

2020இல் அமெரிக்காவின் சூப்பர்ஜயன்ட் நிறுவனம் முழுமையாக வெளியிட்ட ‘ஹேடிஸ்’ என்னும் விளையாட்டில்தான் பெரிய திருப்பத்தைக் காண்கிறேன். கீழுலக வேந்தன் அரண்மனையில் டூசா என்றொரு பணிப்பெண் இருக்கிறாள். அவளும் பாம்புக் கூந்தலோடு மிதக்கும் தலைதான். ஆனால் அவள் தூசு துடைக்கிறாள், கூச்சப்படுகிறாள், வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறாள். அதே விளையாட்டில் வேறோர் இடத்தில் கோர்கன் தலைகள் பகையாக வந்து கல்லாக்க முயல்வதும் உண்டு. வெளியே வெட்டி வீழ்த்தும் உருவத்தை வீட்டில் பெயர் சொல்லி அழைத்து நலம் கேட்க வேண்டியிருக்கிறது. முகம் ஒன்றே, பழகியவுடன் அச்சம் அகல்கிறது.

இன்னும் ஒரு நிகழ்ச்சி உண்டு. கதைத் தலைவனாகிய இளவரசன் டூசாவோடு நெருங்கிப் பழகுகிறான். அன்பு காதலாக மலருமோ என்ற நிலை வரும்போது, நட்பே தனக்குப் போதும் என்று அவள் கூறிவிடுகிறாள். அவன் அதை ஏற்றுக்கொள்கிறான். இக்காட்சியை நான் சிறிதாக எண்ணவில்லை. ஓவிட் கூறிய மெடூசாவின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. மறுக்கும் உரிமை அவளுக்கு இருந்ததாகத் தெய்வமும் கருதவில்லை, தேவியும் கருதவில்லை. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்குப் பின், அவள் பெயரின் பாதியைத் தாங்கிய ஒருத்தி மறுக்கிறாள், அம்மறுப்பு மதிக்கப்படுகிறது. அதை இயற்றியோர் ஓவிட்டை நினைந்து செய்தனர் என்று நான் கூறவில்லை. நம் காலம் எதை நீதி என்று கருதத் தொடங்கியிருக்கிறது என்பதற்கு அது சான்று என்று மட்டுமே கூறுகிறேன்.

அதே 2020இல் நியூயார்க் நகரத்தில், குற்றவியல் நீதிமன்றத்திற்கு எதிரே, லூசியானோ கார்பாட்டி என்னும் சிற்பியின் சிலை சில காலம் நிறுத்தப்பட்டது. அதில் வாள் மெடூசாவின் கையில் இருக்கிறது; அவள் பிடித்திருப்பது பெர்சியசின் தலை. செல்லினியின் வெண்கலச் சிலைக்கு அது நேர் எதிர்மொழி. தலை மாறியது, வாள் மாறவில்லை. டூசாவின் கதையிலோ வாளுக்கே இடமில்லை. இவ்விரண்டனுள் எது பெரிது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி அம்மாணவர் வழக்கிற்கு வருகிறேன். அரக்கியா, அபலையா என்ற வினாவுக்கு ஒரே சொல்லில் விடையில்லை. ஒவ்வொரு காலமும் தான் அஞ்சியதையும் தான் இரங்கியதையும் அவள் முகத்தில் எழுதியது. போருக்குச் சென்ற கிரேக்கன் கேடயத்தில் காவலைக் கண்டான். ஓவிட் வலியோரின் அநீதியைக் கண்டார். தொடக்ககால விளையாட்டு வெல்வதற்கு ஒரு பகையைக் கண்டது. பிந்திய விளையாட்டு பேசிப் பழக ஒரு துணையைக் கண்டது. அவரவர் சான்று காட்டிய விளையாட்டுகள் தம்மளவில் பொய் சொல்லவில்லை. தாம் ஒரு காலத்தின் குரல் என்பதை மட்டும் அவை கூறாமல் விட்டன.

அதைக் கண்டுணர்வது வரலாறு பயில்வோர் கடமை. விளையாட்டை ஆடுங்கள், படத்தைப் பாருங்கள், மகிழுங்கள். மகிழ்ந்த பின் மூன்று வினாக்களை எழுப்புங்கள்: இதைச் சொல்பவர் யார்? எக்காலத்தில் சொல்கிறார்? யாருடைய குரல் இதில் கேட்கவில்லை? மெடூசாவுக்கு மட்டுமன்று, தீயவர் என்று நமக்குக் காட்டப்படும் எவருக்கும் இம்மூன்று வினாக்களின் பயன் கிடைக்க வேண்டும். மாணவர் இருவரிடமும் இதையே கூறினேன். அவர்கள் மறுமுறை வந்தபோது, வழக்கை விட்டுவிட்டு, ஓவிட்டின் நூல் எங்கே கிடைக்கும் என்று கேட்டனர்.