பாலாறும் ஒரு பத்தாயிரம் ரூபாயும்

பெங்களூர் ரயிலில் எவ்வளவு அசந்து தூங்கினாலும் ஆம்பூர், வாணியம்பாடி வந்தா மூக்கு எழுப்பி விட்டுரும். சின்ன வயசுல ஜன்னலைச் சாத்திட்டு மறுபடி தூங்கிடுவேன். பின்னாடி ஒரு கம்பெனியில் (தோல் கம்பெனி இல்லீங்க) பொல்யூஷன் போர்டு ஃபைல் பார்க்கிற வேலை என் தலையில் விழுந்துச்சு. அப்பத்தான் அந்த நாற்றத்தோட சரித்திரத்தைத் தேடிப் படிச்சேன்.

ஒரு காலத்தில் அந்தப் பக்கம் ஆவாரம்பட்டை போட்டுத்தான் தோல் பதனிட்டாங்க. 1970களின் தொடக்கத்தில் மத்திய அரசு, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டுச்சு. முழுசா முடிச்ச தோலா அனுப்பினா அன்னியச் செலாவணி கூடுமே! பட்டை போய் குரோமியம் பெருகினதுல இதுக்குப் பெரிய பங்கு உண்டு. கிட்டத்தட்ட அதே நேரம், 1974-ல், தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டமும் வந்துச்சு. ஒரு கை தொழிற்சாலையைப் பிடிச்சுத் தள்ளுது, இன்னொரு கை 'அனுமதி வாங்கினியா'ன்னு கேக்குது. ரெண்டும் ஒரே அரசாங்கத்தின் கைதான்.

1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணி, சுமார் 170 வகை ரசாயனம், கெட்டுப்போன நிலம் 35,000 ஹெக்டேர் அப்படின்னு கணக்கு வந்துச்சு. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கெட்டிருந்துச்சாம்.

இதுல என்னை உலுக்கினது குரோமியம் இல்லை, நம்ம சாதாரண உப்பு. தோல் அழுகாம இருக்க உப்புப் போட்டுத்தான் கொண்டு வருவாங்க. முதல் ஊறவைப்பிலேயே அது தண்ணிக்குள்ள இறங்கிடும். சுத்திகரிப்பு நிலையத்தின் பாக்டீரியா அழுக்கைத் தின்னும், உப்பைத் தின்னாது. உள்ளே போன உப்பு அப்படியே வெளியே வந்து கிணத்துல சேரும். லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்பு கூடாதுன்னு மாநில வாரியம் சொன்னப்ப, 'மத்திய விதியில் இந்த அளவே இல்லையே'ன்னு ஆலைக்காரங்க வாதாடினாங்க. கோர்ட் ஏத்துக்கலை.

எங்க கம்பெனி ரிப்போர்ட்டிலும் அந்த உப்புக் கட்டம் இருந்துச்சு. ஒரு மாசம் அளவு கூடியிருக்கேன்னு கேட்டேன். "அதை யாருப்பா பாக்கப் போறா"ன்னார் மேனேஜர். நானும் கையெழுத்துக்கு நீட்டிட்டேன். இன்னிக்கும் உறுத்துது.

1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பு சொல்லிச்சு. கெடுத்தவன்தான் காசு கொடுக்கணும். கெடுக்கலைன்னு நிரூபிக்க வேண்டியதும் ஆலைக்காரன்தான். சட்டக் கல்லூரிகளில் இன்னிக்கும் நடத்துற தீர்ப்பு. ஐந்து மாவட்டத்து ஆலைகளுக்கு அபராதமும் போட்டாங்க, ஆலைக்குப் பத்தாயிரம் ரூபாய்!

நஷ்ட ஈட்டைக் கணக்குப் போட அமைச்ச ஆணையம் 2001-ல் சுமார் 29 ஆயிரம் பேருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல்னு நிர்ணயிச்சது. வகுத்துப் பார்த்தேன். ஆளுக்குச் சராசரியா பத்தாயிரம் கூட வரலை. உழுத நிலத்துக்கும் குடிச்ச கிணத்துக்கும் சேர்த்து.

2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டையில், அழுக்கைச் சுத்தம் பண்றதுக்குன்னே கட்டின பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி உடைஞ்சு 10 தொழிலாளிகள் செத்துப் போனாங்க.

வேலூர் விவகாரம் மறுபடி உச்ச நீதிமன்றம் போய், 2025 ஜனவரி 30-ல் இன்னொரு தீர்ப்பு. நஷ்ட ஈடு வராதவங்களுக்கு ஆறு வாரத்துக்குள்ள அரசு கொடுக்கணும், அப்புறம் ஆலைகளிடம் வசூல் பண்ணிக்கணும்னு சொல்லிட்டு, வழக்கை முடிக்காம தன் கண்காணிப்பிலேயே வெச்சுக்கிட்டாங்க. முதல் மனு போட்ட வருஷம் பிறந்த பிள்ளைக்கு அப்ப 33, 34 வயசு இருக்கும்.