அமினோவமில அளவீட்டின் வரலாறு

உயிர்ப்பொருள் மருந்துகளுட் பல புரதங்களாகும். இன்சுலினும் இம்யூனோகுளோபுலினும் அத்தகையன. குப்பியிலுள்ள தெளிந்த நீரிற் குறித்த புரதம் எவ்வளவு உளது என்பதைக் கண்ணாற் கண்டு கூறல் இயலாது. புரதத்தை அமினோவமிலங்களாகச் சிதைத்து, அவற்றைத் தனித்தனியே அளத்தல் அதனை அறியும் உறுதியான வழிகளுள் ஒன்று.

உருசியத் தாவரவியலறிஞர் சுவெற், சுண்ணத்தூள் நிறைந்த குழாயினூடே இலைச்சாற்றைச் செலுத்தி அதன் நிறங்களைப் பிரித்தார். 1906இல் அம்முறைக்குக் குரோமற்றோகிராபி எனப் பெயரிட்டார். ஆயின் அமினோவமிலங்கள் நிறமற்றவை. தம்முள் பெரிதும் ஒத்தவை. இத்தடையை நீக்கியோர் லீட்சு நகரிலே கம்பளி ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய மார்ட்டினும் சிங்குமாவர். ஒன்றோடொன்று கலவாத இரு திரவங்களிடையே ஒவ்வொரு பொருளும் வெவ்வேறளவிற் பங்கிடப்படும் இயல்பை 1941இல் அவர்கள் பயன்படுத்தினர். 1952இல் நோபல் பரிசு அவர்களைச் சார்ந்தது.

பிரித்தறிதல் வேறு, அளந்தறிதல் வேறு. இரண்டாவதை நிறைவேற்றியோர் நியூயோர்க்கு ரொக்பெல்லர் நிலையத்து மூரும் ஸ்டைனும் ஆவர். அயன்மாற்றுப் பிசினிற் பிரிந்து வரும் அமினோவமிலங்களை நின்ஹைட்ரினாற் கருஞ்சிவப்பு நீலமாக்கி, நிறத்தின் செறிவால் அளந்தனர். 1958இல் இசுபாக்மனுடன் சேர்ந்து அவர்கள் அமைத்த தன்னியக்கக் கருவி, முன்னர்ப் பல நாள் எடுத்த வேலையை ஒரு நாளுக்குள் முடித்தது.

இவ்வளவீட்டின் பயன் தமிழகத்திலும் விளங்கிற்று. கொலாசன் என்னும் புரதத்தில் மூன்றிலொரு பங்கு கிளைசின் என்பது பகுப்பாய்வு தந்த செய்தி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோ. நா. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் அதன் முப்புரியமைப்பை வகுத்தற்கு அச்செய்தி துணையாயிற்று.

பின்னர் நுண்ணிய துகள்களும் உயரழுத்தப் பம்பிகளும் கொண்ட திரவ நிறப்பிரிகை தோன்றவே, பகுப்பு ஒரு மணி நேரத்துக்குள் அடங்கலாயிற்று. எனினும் கருவி விரைந்தமையால் முறை தானே செம்மையாகிவிடாது. புரதத்தை ஆறு நோமல் ஐதரோகுளோரிக்கமிலத்தில் 110 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ 24 மணி நேரம் சிதைக்கும்போது திரிப்தோபன் அழிகின்றது. செரினும் திரெயோனினும் ஓரளவு குறைகின்றன. இவ்விழப்பைக் கணக்கிட்டுத் திருத்தாத அளவீடு பொய்யுரைக்கும். ஆகவேதான் புதிதாக வகுக்கப்படும் ஒவ்வொரு முறையும் துல்லியம், மீள்தன்மை, நேர்விகிதம் என்பவற்றால் மெய்ப்பிக்கப்படல் வேண்டும்.

2023இல் இலங்கை மருத்துவமனைகளுக்கு வழங்கப்பெற்ற இம்யூனோகுளோபுலின் மருந்தொன்று தரமற்றதெனக் கண்டறியப்பட்டது. மட்டக்களப்பு மாவட்டத்துக் கிரானில் ஊசி ஏற்கும் நோயாளி குப்பியின் மேலெழுத்தை நம்பியே கை நீட்டுகின்றான். அவ்வெழுத்தை மெய்யாக்குவது ஆய்வுகூடத்து அளவையே. அதனைச் செம்மையுறக் கற்றல் இந்நாட்டு இரசாயன மாணாக்கரின் கடனாகும்.