தேள் கடுப்பும் மிளகாய்க் காரமும்

மிளகாய் இட்டு வடித்த பீரை மேலைநாட்டார் ஒரு புதுமையாகக் கொண்டாடுகின்றனர். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்துக் கேவ் கிரீக் என்னும் ஊரின் பெயரால் 1990களில் விற்ற பீரில், புட்டிக்கு ஒன்றாக முழுப் பச்சைமிளகாய் கிடந்தது. இத்தகைய பீர் நாவில் குளிர்ந்து தொண்டையில் எரியும். மிளகாயின் காப்சைசின் நீரில் எளிதில் கரையாது, சாராயத்தில் கரையும். பீரோ பெரும்பகுதி நீர். ஆகவே அடுத்த மிடறு எரிச்சலைக் கழுவிவிடுவதில்லை.

நாம் கார்ப்பை அறுசுவையுள் ஒன்றாக எண்ணுகிறோம். அறிவியலோ அதைச் சுவை என்று ஏற்பதில்லை. வெப்பத்தை உணரும் நரம்பு வாயிலையே மிளகாயும் திறக்கிறது என்று டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997இல் காட்டினர். 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கார்ப்பு, அவர்கள் கணக்கில், ஒருவகை வலி.

இந்த வலியைக் குடியோடு சேர்த்துப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. புறநானூற்றின் 392ஆம் பாட்டில், அதியமானின் மகன் எழினி தனக்கு அளித்த தேறலை ஔவையார் தேள் கொட்டும் கடுப்புக்கு ஒப்பிடுகிறார். சிறுபாணாற்றுப்படையிலோ தேறல் சினந்த பாம்பாகிறது. அன்று இந்த மண்ணில் மிளகாயே இல்லை. போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின் வந்த காய்க்கு நாம் மிளகின் பெயரையே ஒட்டவைத்தோம். அப்படியானால் கடுப்பு எங்கிருந்து வந்தது? நாட்பட்டதனால் என்கிறது ஔவையின் பாட்டு. பதிற்றுப்பத்தில் இஞ்சி சேர்த்த மாலை சூடிய மதுக்குடம் ஒன்று வருகிறது. இஞ்சி உள்ளேயும் சென்றதா என்று கேட்க நாக்கு துடிக்கிறது. பாட்டு அதைக் குடத்தின் புறத்தோடு நிறுத்திவிடுகிறது.

அதியரின் தகடூர் இன்றைய தருமபுரி. அங்கிருந்து வடகிழக்கே போனால் ஜவ்வாது மலை. மலைபடுகடாம் பாடும் சேயாறு (இன்றைய செய்யாறு) இம்மலையில்தான் பிறக்கிறது. நன்னனின் செங்கம் இதன் தென் அடிவாரத்தில் இருக்கிறது. அந்நூலின் மலைவாழ் மக்கள் தேனால் ஆக்கிய தேறலை மூங்கில் குழாயில் முதிரவைத்துப் பருகுகின்றனர். மரப்பீப்பாயில் முதிர்வதைப் பெருமையாக விளம்பரம் செய்யும் மதுவணிகர் இதைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

ஆனால் தேறல் வேறு, பீர் வேறு. பீர் என்பது முளைவிட்ட தானியத்தால் ஆவது. அதற்குச் சான்று பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. வலைஞர் குடியில் அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆற்றி, நல்லடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விட்டு, விரலால் அலைத்துப் பிழிகின்றனர். நல்லடை என்பதை முளையை இடித்த மாவு என்று உரை விளக்குகிறது. வாற்கோதுமைக்குப் பதில் நெல். மற்றபடி இது பீரேதான். வகுப்பில் நாம் இதையும் ‘கள்’ என்று ஒரே சொல்லில் கடந்துவிடுகிறோம். பனையிலும் தென்னையிலும் இறக்கும் கள்ளுக்கும் இதற்கும் உறவே இல்லை. நறவு, தேறல், தோப்பி, பிழி, மட்டு என்று பழையவர் வைத்திருந்த பெயர்கள் வெறும் ஒருபொருட் பன்மொழி அல்ல என்றே நினைக்கிறேன். தோப்பி இல்லத்தில் அட்டது என்று அதே நூல் பிரித்துச் சொல்கிறது.

இராஜாஜி 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுதும் பரவியது. 1971இல் தளர்ந்து, 1974இல் மீண்டு, 1983இல் டாஸ்மாக் பிறந்து, 2003இல் சில்லறைக் கடையும் அரசுடையதாயிற்று. குடி போகவில்லை, பெயர்கள் போயின. இன்று எல்லாவற்றுக்கும் ‘சரக்கு’ என்ற ஒரு சொல் போதும்.

சிக்கிமில் கேழ்வரகைப் புளிக்கவைத்து, வெந்நீர் ஊற்றி, மூங்கில் குழலால் உறிஞ்சும் ‘தோங்பா’ இன்றும் விருந்தினர்க்கு உரியது. ஜவ்வாது மலையிலும் கேழ்வரகு உண்டு, சாமை உண்டு, மூங்கில் உண்டு. வடிக்கும் முறை பத்துப்பாட்டில் அச்சாகிக் கிடக்கிறது. வீட்டில் வடித்தால் 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.