சபையும் சம்பந்தனும்: ஒரு திருமலைப் பிரதிநிதியின் பொதுவாழ்வு

பாராளுமன்றத்தை வெறும் சொற்பந்தல் என்று ஒதுக்குவோரும் உளர். அதுவே மக்களாட்சியின் மூலத்தானம் என்று வணங்குவோரும் உளர். இவ்விரு முடிவுகளும் சிந்தனைச் சிரமத்தைத் தவிர்க்கும் முடிவுகளே. மன்றம் ஒன்றின் உண்மை இயல்பை அறிய விரும்புவோர், அதன் ஆளும் வரிசைகளைவிட எதிர் வரிசைகளையே நோக்குதல் வேண்டும். அதிகாரம் இல்லாதவன் அங்கே எதைச் சாதிக்க முடிந்தது, எதைச் சாதிக்க முடியாது போயிற்று என்பதே அம்மன்றத்தின் உரைகல். இந்நோக்கிலேயே, 1977 முதல் 2024 வரை இடைவெளிகளுடன் திருகோணமலையின் பிரதிநிதியாக விளங்கிய இரா. சம்பந்தனின் பொதுவாழ்வை நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம்.

நிலாவெளியில் வெங்காயப் பாத்திக்கு நீர் பாய்ச்சுபவனுக்கும் கரைவலை இழுப்பவனுக்கும் அரசியல் என்பது நிலமும் கடலுமே. எமது துறைமுகத்தின் பெயரை உலகம் அறியும். அதன் கரையில் வாழும் மனிதரை உலகம் அறியாது. பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957இல் இலங்கையின் கைக்கு வந்தது. ஆயினும் இம்மாவட்டத்தின் காணி யாருக்கு என்ற வினா தீரவில்லை. குடியேற்றத் திட்டங்களால் குடிப்பரம்பல் மாறி, 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினராய் இருந்தனர். 1956 ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி தன் மகாநாட்டைத் திருமலையிலே கூட்டியது தற்செயலன்று. மொழியுரிமையும் காணியுரிமையும் ஒருங்கே உறுத்திய இடம் இதுவாகும்.

1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களைப் பெற்றுப் பிரதான எதிர்க்கட்சியாயிற்று. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். சட்டத்தரணியான சம்பந்தன் முதன்முறையாகச் சபை புகுந்ததும் அப்பொழுதே. 1982 டிசம்பரில் அன்றைய அரசு, பொதுத்தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு ஒன்றை நடத்திப் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறாண்டுகளுக்கு நீட்டிக்கொண்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் இனவன்முறைத் தீ மூண்டது. அதன் சாம்பல் ஆறுமுன்னரே, ஆகஸ்டில், ஆறாவது அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது. பிரிவினைக்கு எதிரான சத்தியப்பிரமாணம் கட்டாயமாக்கப்பட்டது. அதனை ஏற்காது சபைக்குச் செல்லாதிருந்த கூட்டணி உறுப்பினர் தம் ஆசனங்களை இழந்தனர். சம்பந்தனும் அவருள் ஒருவர். மக்கள் அளித்த ஆணையைச் சட்டத்தின் துணைகொண்டே ஒரு சட்டமன்றம் துடைத்தெறிந்த வரலாறு இது. சபையின் கதவு அடைக்கப்பட்டபோது இளைஞர் துப்பாக்கியை நாடினர் என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1997 ஜூலையில் திருமலை உறுப்பினர் தங்கத்துரை படுகொலை செய்யப்பட்டதை அடுத்து, வெற்றிடமான ஆசனத்திற்குச் சம்பந்தன் மீண்டும் வந்தார். 2000இல் தோற்று, 2001இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவராய் மீண்டார். போர் முடிந்தபின் அவர் நின்ற நிலை கவனத்திற்குரியது. பிரிவினையைக் கைவிட்டு, பிரிக்கப்படாத நாட்டினுள் அதிகாரப் பகிர்வு என்ற கோரிக்கையை அவர் சபையில் இடையறாது முன்வைத்தார். 2010 செப்டெம்பரில், ஒருவரே எத்தனை முறையும் ஜனாதிபதியாகப் போட்டியிட வழிசெய்த பதினெட்டாவது திருத்தம் 161 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்து விழுந்தவை 17 மட்டுமே. பிரதான எதிர்க்கட்சியாகிய ஐக்கிய தேசியக் கட்சி வாக்கெடுப்பைப் பகிஷ்கரித்திருந்த அவ்வேளையில், எதிர்த்து வாக்களித்த சிலருள் கூட்டமைப்பினரும் இருந்தனர்.

2015 செப்டெம்பர் 3ஆம் திகதி சம்பந்தன் எதிர்க்கட்சித் தலைவரானார். முப்பத்திரண்டு ஆண்டுகளின் பின் தமிழர் ஒருவர் அப்பதவியை ஏற்றார். 2006இல் போரினால் விரட்டப்பட்ட சம்பூர் மக்களின் காணிகள் இக்காலத்திலேயே மீளக் கிடைக்கலாயின. முதலீட்டுத் திட்டத்திற்கென எடுக்கப்பட்டிருந்த 818 ஏக்கர் 2015இல் விடுவிக்கப்பட்டது. இதற்குச் சபையில் எழுந்த குரல் மட்டும் காரணமன்று. பத்தாண்டளவும் முகாம்களில் கிடந்து, உரிமையைக் கைவிடாத மக்களின் உறுதியே முதற்காரணம். எனினும் அவ்வுறுதிக்கு மன்றத்தில் ஒரு நா வேண்டியிருந்தது என்பதையும் மறுத்தற்கில்லை.

2018 அக்டோபர் 26இல் ஜனாதிபதி பிரதமரை நீக்கி வேறொருவரை நியமித்தார். நவம்பர் 9இல் பாராளுமன்றத்தையே கலைத்தார். இதனை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றோருள் சம்பந்தனும் ஒருவர். டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர் கொண்ட ஆயம் கலைப்புச் செல்லாதென ஏகமனதாகத் தீர்த்தது. சட்ட நூல்களில் அவ்வழக்கு இன்று சம்பந்தன் பெயராலேயே வழங்குகின்றது. 1983இல் எந்த மன்றம் அவரை வெளியே தள்ளியதோ, அந்த மன்றத்தை 2018இல் காத்தோர் வரிசையில் அவர் நின்றார். ஐந்து நாட்களின் பின், டிசம்பர் 18ஆம் திகதி, மகிந்த ராஜபக்ச எதிர்க்கட்சித் தலைவராக அறிவிக்கப்பட்டார். காத்த மன்றம் காத்தவருக்கு அளித்த கைம்மாறு இது!

இவற்றால் அவரது பதிவு குறையற்றதென்று நாம் கூறவரவில்லை. எதிர்க்கட்சித் தலைவராய் இருந்துகொண்டே அரசின் வரவு செலவுத் திட்டத்திற்கு ஆதரவளித்தமை, விலையேற்றத்தால் நலிந்த தென்னிலங்கைத் தொழிலாளியின் கண்ணில் அப்பதவியின் பொருளைக் குறைத்தது. அந்த ஆதரவுக்கு ஈடாக எதிர்பார்க்கப்பட்ட புதிய அரசியலமைப்போ 2017இன் இடைக்கால அறிக்கையுடன் நின்றுவிட்டது. உழைக்கும் சிங்கள மக்களையும் முஸ்லிம் மக்களையும் நேரே சென்று அணைக்காது, தலைவர்களுடன் பேசித் தீர்வு காணலாம் என்ற நம்பிக்கையின் எல்லை அங்கே வெளிப்பட்டது. மேல்மட்ட உடன்பாடுகள் கிழிபடும் இயல்பின என்பதை 1957இன் பண்டா–செல்வா ஒப்பந்தம் முன்னரே எமக்குக் கற்பித்திருந்தது.

2024 ஜூன் 30ஆம் திகதி தமது 91ஆவது வயதில் சம்பந்தன் மறைந்தார். அவர் கோரிய தீர்வை அவர் காணவில்லை. ஆதலின் அவ்வாழ்வு வீண் என்பது சரியாகுமா? தோல்வியுற்ற வாதமும் சபைப் பதிவேட்டில் நிலைக்கின்றது; அடுத்த தலைமுறை அதனை எடுத்து வாதிக்கும். ஆனால் பதிவேடு தானாக எழுந்து நடக்காது. வயலிலும் கடலிலும் பள்ளியிலும் உள்ள மூவின மக்களும் ஒன்றுபட்டு அதற்குக் கால் கொடுத்தல் வேண்டும். எமது மாணவர் தலைவர்களின் படங்களுக்கு மாலையிடுவதோடு அமையாது, அவர்களது உரைகளையும் வாக்குகளையும் தேடிப் படித்து, நிறையையும் குறையையும் எடைபோடப் பழகுவாராக. அப்பழக்கமே அப்பணியின் முதற்படி.