அறிவுக்கு வேலி இடுவது யார்?

ஜிந்துப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர், தம்மிடமுள்ள ஒரே நூலின் சில பக்கங்களைப் படியெடுத்து வகுப்பு முழுவதற்கும் வழங்குகிறார். இது திருட்டா, கடமையா? வரலாற்றைக் கேட்போம்.

1710இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம், கல்வியை ஊக்குவிக்கும் சட்டம் என்றே தன்னை அழைத்துக்கொண்டது. புது நூலுக்கு அது அளித்த உரிமை 14 ஆண்டு. எழுத்தாளர் உயிரோடிருந்தால் மேலும் 14. இன்று இலங்கையிலோ எழுத்தாளர் மறைந்த பின்னும் 70 ஆண்டுகள்! கல்வியின் பெயரால் பிறந்த உரிமை, காலப்போக்கில் மூலதனத்தின் காவலாளியாக வளர்ந்த கதை இது.

குடியேற்ற நாடாயிருந்த இலங்கைக்கு 1911ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டமே விதியாயிற்று. நமக்கென ஒரு சட்டக்கோவை 1979இல்தான் வந்தது. அதன் இடத்தைப் பிடித்த 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம், வகுப்பறைக்காகப் பல பிரதிகள் எடுப்பதையும் நியாயமான பயன்பாட்டுள் அடக்குகிறது. இலாப நோக்கற்ற கல்விக்கூடத்தில், நூலின் சிறு பகுதிகளை நேர்முகக் கற்பித்தலுக்காகப் படியெடுக்கவும் இடமளிக்கிறது. நம் ஆசிரியர்களில் எத்தனை பேர் இதை அறிவர்?

அயல்நாட்டு நிகழ்ச்சி ஒன்றும் நமக்குப் பாடமாகும். 2012இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் முதலிய பெரும் பதிப்பகங்கள் தில்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும், அதன் வளாகத்திலிருந்த ராமேஸ்வரி என்னும் சிறு படியெடுப்புக் கடையின் மீதும் வழக்குத் தொடுத்தன. மாணவரும் பேராசிரியரும் அணிதிரண்டு வழக்கில் தம்மையும் இணைத்துக்கொண்டனர். கற்பித்தலுக்குத் தேவையான அளவு படியெடுப்பது குற்றமன்று என 2016இல் உயர் நீதிமன்றம் கூறியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன.

ஆயினும் எழுத்தாளரும் உழைப்பாளியே என்பதை நாம் மறத்தலாகாது. முழு நூலையும் படியெடுத்துக் காசாக்கும் டியூட்டரி, ஆசிரியரின் உரிமையைத் தன் கேடயமாக்க முடியாது. எழுத்தாளர் பக்கமும் மக்கள் பக்கமும் ஒருங்கே நிற்கும் வழி உண்டு. 1949இல் சென்னை மாகாண அரசு, பாரதியின் குடும்பத்தாருக்குப் பணம் அளித்து, அவர் நூல்களின் உரிமையைப் பெற்றது. பின்னர் அவை மக்களின் உடைமையாயின.

2022 மார்ச்சில் கடதாசி இன்மையால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. கடதாசிக்கே வழியற்ற நாளில் வறிய மாணவன் நூலை எங்ஙனம் வாங்குவான்? ஆகவே, சட்டம் தந்த உரிமையை ஆசிரியர் அஞ்சாது பயன்படுத்துக. அத்தோடு அமையாது, பாடசாலை நூலகங்களுக்கு நூல் வாங்கும் பொறுப்பை அரசு ஏற்குமாறு ஒன்றுபட்டுக் குரல் எழுப்புக. எழுதியவருக்குக் கூலியும் படிப்பவருக்கு நூலும் கிடைக்கும் வழி அதுவே.