கோலார் தங்கவயல்: பார்க்க வேண்டிய இடங்கள்

கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் உள்ள சுரங்க நகரம். பங்காருப்பேட்டையிலிருந்து இந்நகர் வழியாக மாரிக்குப்பம் வரை ரயில் செல்கிறது.

தொலைவிலேயே கண்ணில் படுபவை சயனைடு மேடுகள். சயனைடு கொண்டு பொன்னைப் பிரித்தபின் கொட்டிய கழிவு மண், நகரைச் சுற்றிக் குன்றுகளாக நிற்கிறது. திரைப்படங்களில் இவை அழகாகத் தெரியலாம். காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசியைச் சுவாசிப்பவர்கள் இங்குள்ள மக்கள்.

1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் நடத்திய சுரங்கங்களில் சாம்பியன் ரீப் 3 கி.மீ.க்கும் ஆழமானது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து இங்கு மின்சாரம் வந்தது. 1965இல் சாம்பியன் ரீப் சுரங்கத்தின் ஆழத்தில்தான் வளிமண்டல நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் பதிவாயின. அறிவியல் ஆர்வலர்கள் இதற்காகவே இவ்வூருக்கு வரலாம். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. உள்ளே இறங்க முடியாது. வெளியிலிருந்து சுரங்க வாய்களின் மேல் நிற்கும் கோபுரங்களைக் காணலாம்.

ஆங்கிலேய அதிகாரிகளின் பங்களாக்களையும் கிளப்பையும் பார்ப்பவர்கள், தொழிலாளர் லைன் வீடுகளையும் அவசியம் பார்க்க வேண்டும். வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், அந்தச் சிற்றறைகளில் தலைமுறைகளாக வாழ்ந்தார்கள். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருக்களில் இன்றும் தமிழ் ஒலிக்கிறது.

அருகில் கம்மசந்திரா கோடிலிங்கேஸ்வரர் கோயிலில் 108 அடி உயர லிங்கம் உள்ளது. பேத்தமங்கலம் ஏரி தங்கவயலுக்குக் குடிநீர் தந்தது.