பன்னிரண்டாம் நகர்த்தல்

இரு அரசிகளும் ஏழாம் நகர்த்தலுக்குள் வெட்டுண்டு பலகையைவிட்டு நீங்கிய ஆட்டத்தில் வெற்றி தோல்வியை எதிர்பார்ப்பார் குறைவு. காய்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைய, ஆடியோர் கைகுலுக்கி எழுவதே வழக்கம். வென்றே தீரவேண்டிய ஒரு நாளில் உலக வாகையர் இம்மானுவேல் லாஸ்கர் அத்தகைய ஆட்டத்தையே தாமாக விரும்பித் தேர்ந்தார். நாள் 1914 மே 18. இடம் ரஷ்யத் தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்.

இருபது ஆண்டுகளாகப் பட்டத்தைக் காத்துவந்த லாஸ்கருக்கு அப்போது வயது 45. யூதத் தொழுகைக்கூடப் பாடகர் ஒருவரின் மகன், கணிதத்தில் முனைவர். எதிரே அமர்ந்தவர் கியூபாவின் கப்பபிளாங்கா, வயது 25. பட்டப் போட்டி குறித்து 1911இல் இருவரும் நடத்திய பேச்சு மனக்கசப்பில் முறிந்திருந்தது. முதற்கட்டத்தில் ஆடிய 11 பேரில் ஐவரே இறுதிக்கட்டத்துக்குத் தேறினர். முன்பு பெற்ற புள்ளிகளும் கணக்கில் சேரும் என்பது விதியாதலின், கப்பபிளாங்கா ஒன்றரைப் புள்ளி முந்தியே தொடங்கினார். அன்றும் அவரே முன்னணியில் இருந்தார். சமநிலை அவருக்குப் போதும்; லாஸ்கருக்குப் போதாது.

லாஸ்கர் கையாண்ட தொடக்கத்துக்கு ரூய் லோபஸ் என்று பெயர். 1561இல் சதுரங்க நூலொன்றை வெளியிட்ட ஸ்பானியக் குருவானவரின் பெயர் அது. நம்மவர் மந்திரி என்றும் ஆங்கிலேயர் ஆயர் என்றும் அழைக்கும் காய் அதில் மூன்றாம் நகர்த்தலிலேயே புறப்பட்டுவிடுகிறது. ஒரு குருவானவரின் தொடக்கத்தில் ஆயரே முன்செல்வது பொருத்தந்தான்! லாஸ்கர் அந்த மந்திரியை அடுத்த நகர்த்தலிலேயே கொடுத்துக் குதிரையை வாங்கினார். சமநிலைக்கு ஏற்றதெனப் பெயர்பெற்ற வழி அது. ஆனால் இரு மந்திரிகளையும் வைத்திருக்கும் கறுப்பு முனைந்து ஆடினால்தான் அதில் நிமிர முடியும். அன்று கப்பபிளாங்காவோ அடங்கி ஆடினார்.

பன்னிரண்டாம் நகர்த்தலில் லாஸ்கர் தம் அரசன் பக்கத்துக் காலாளை ஐந்தாம் வரிசைக்குத் தள்ளினார். பாடநூல் கற்ற மாணவன் செய்யத் துணியாத செயல். நடுவில் நின்ற காலாள் இதனால் துணையிழந்தது. அதற்கு முன்னுள்ள கட்டமும் எதிரியின் வசமாயிற்று. தம் அணியில் எல்லாரும் காணத்தக்க ஒரு குறையைத் தாமே உண்டாக்கிக்கொண்டார். அவர் கண்டதோ வேறு. நான்கு நகர்த்தல் கழித்து, முன்சென்ற காலாளின் துணையோடு, லாஸ்கரின் குதிரை கறுப்புப் படையின் நடுவே ஆறாம் வரிசையில் போய் நின்றது. இருபது நகர்த்தல்களுக்கு மேல் அது அங்கிருந்து அசையவில்லை. கப்பபிளாங்காவின் யானைகள் அதைச் சுற்றி இடம் மாறி மாறி நின்றன. ஒரு யானையைத் தந்தேனும் அக்குதிரையை அவர் நீக்கியிருக்கலாம் என்பர் ஆய்வாளர். எனக்கும் அதுவே சரியெனத் தோன்றுகிறது. எனினும் சமநிலை போதும் என்றிருப்பவருக்கு ஒன்றை இழக்க மனம் வருவதில்லை.

முப்பத்தைந்தாம் நகர்த்தலில், துணையிழந்து நின்ற அதே காலாளை லாஸ்கர் பலியிட்டார். அது விட்டுச்சென்ற கட்டத்தில் இரண்டாம் குதிரை வந்தமர்ந்தது. குறை என்று தோன்றிய இடமே வாயிலாயிற்று. நாற்பத்திரண்டாம் நகர்த்தலோடு கப்பபிளாங்கா பணிந்தார். அன்று எழுந்த கைதட்டலைப் போல் தம் சதுரங்க வாழ்வில் கேட்டதில்லை என்று லாஸ்கர் பின்னர் நினைவுகூர்ந்தார்.

அடுத்த சுற்றில் கப்பபிளாங்கா டாராஷிடமும் தோற்றார். முடிவில் லாஸ்கருக்கு 13½ புள்ளி, அவருக்கு 13. மூன்று மாதம் கழியுமுன் ஐரோப்பாவைப் போர் சூழ்ந்தது.

1921இல் ஹவானாவில் கப்பபிளாங்கா பட்டத்தை வென்றார். நாத்சிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் லாஸ்கர் ஜெர்மனியைவிட்டு வெளியேறினார், உடைமைகளையும் இழந்தார். 1941 ஜனவரி 11 அன்று நியூயார்க்கின் மவுண்ட் சீனாய் மருத்துவமனையில் இறந்தார். மறு ஆண்டு மார்ச் மாதம் அந்நகரச் சதுரங்க மன்றமொன்றில் மயங்கி விழுந்த கப்பபிளாங்காவைத் தூக்கிச் சென்றதும் அதே மருத்துவமனைக்குத்தான். 8ஆம் நாள் அவர் அங்கே உயிர்நீத்தார்.